நிலநடுக்கத்தைக் காதால் படிக்கலாம்: ஆடாசிட்டியில் ஒரு தொடக்கம்

ரங்கூனில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா என்றால் மைக்செட் வேலை எனக்கு வரும். தேவாரம் பாடுபவரின் குரலைப் பதிவு செய்வது, நடுவில் புகுந்த கார் ஹாரனை வெட்டுவது, இரண்டு மணி நேர பஜனையை நாற்பது நிமிடமாக்கி ஊரில் உள்ள உறவினர்களுக்கு அனுப்புவது, எல்லாவற்றுக்கும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத்தான் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதே மென்பொருளில் நிலநடுக்கத்தின் பதிவையும் திறந்து கேட்கலாம், அளக்கலாம் என்று 2025 மார்ச்சுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அது மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் 12:50 இருக்கும். மாடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தலை சுற்றுவது போல இருந்தது. பசி மயக்கம் என்று நினைத்து மேசையைப் பிடித்தேன். மேலே பார்த்தால் விளக்கு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. மாண்டலேயில் இருக்கும் சித்தியிடம் பேச மூன்று நாள் ஆனது. அவர் முதலில் சொன்னதே சத்தத்தைப் பற்றித்தான்: "வீட்டுக்கு அடியில லாரி வந்து மோதுன மாதிரி ஒரு சத்தம்ப்பா. அப்புறம்தான் எல்லாம் ஆடுச்சு."

ஒரே நிலநடுக்கம். சித்திக்குச் சத்தம் கேட்டது, எனக்கு ஊஞ்சல் மட்டும். ஒலியோடு பிழைப்பவன் என்பதால் இந்த வித்தியாசம் மனதைவிட்டுப் போகவில்லை. இதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டை வெட்டி ஒட்டத் தெரிந்தால் போதும்.

நிலமும் பாட்டும் ஒரே மாதிரிதான் பதிவாகின்றன

மைக் என்ன செய்கிறது? காற்றின் அசைவை மின்சாரமாக்குகிறது. அதைக் கணினி நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. நிலநடுக்கமானி நிலத்தின் அசைவை மின்சாரமாக்குகிறது. அதையும் அளந்து எண்களாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் நொடிக்கு 100 எண்கள்தான், சில நிலையங்களில் 20 அல்லது 40. மற்றபடி இரண்டும் எண்களின் நீண்ட வரிசை. இது சீர்காழி குரலா, பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் சகாயிங் நிலப்பிளவின் உறுமலா என்று மென்பொருளுக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் அந்தப் பதிவை அப்படியே ஓட்டினால் கேட்குமா? கேட்காது. மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரைதான் ஒலி. அதாவது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ். நிலநடுக்கத்தின் அசைவில் பெரும்பகுதி அந்த 20-க்குக் கீழே கிடக்கிறது. பக்கத்தில் நடக்கும் சிறிய அதிர்வு என்றால் பெரும்பாலும் 1 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை. தூரத்தில் நடந்த பெரியது என்றால் இன்னும் மெதுவாக, ஓர் ஆட்டத்துக்குப் பத்து இருபது நொடிகூட ஆகும். எங்கள் வீட்டு விளக்கு ஆடியது அப்படித்தான்.

தூரம் போகப்போக வேகமான அதிர்வுகள் நிலத்துக்குள்ளேயே தேய்ந்துவிடுகின்றன. மெதுவானவை மட்டும் தாக்குப்பிடித்துப் பயணிக்கும். தீமிதிக்கு உறுமியும் பம்பையும் அடிக்கும்போது பக்கத்தில் நின்றால் குச்சி தோலில் படும் 'சட்' சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். இரண்டு தெரு தள்ளிப் போனால் அந்தச் 'சட்' மறைந்து 'தும் தும்' மட்டும் வரும். மாண்டலேக்கும் ரங்கூனுக்கும் நேர்க்கோட்டில் 570 கிலோமீட்டருக்கு மேல். சித்தி உறுமிக்குப் பக்கத்தில் இருந்தார், நான் பல தெரு தள்ளி இருந்தேன். அவருக்கு வந்த முதல் அலையில் 20 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளும் இருந்தன. அவை தரையிலிருந்து காற்றுக்குத் தாவியதால் காதுக்கே கேட்டன. இன்னும் தூரத்தில், சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரக் கட்டடம் இடிந்து விழுந்ததற்கும் இந்த மெதுவான அலைகள் ஒரு காரணம். அந்த ஊர் மென்மையான களிமண் மேல் இருக்கிறது. அந்த மண் மெதுவான ஆட்டத்தைப் பெரிதாக்கும். உயரமான கட்டடங்களும் அதே மெதுவான தாளத்துக்குத்தான் ஆடும்.

எத்தனை மடங்கு வேகம்?

கேட்காத ஒலியைக் கேட்க வைக்க எளிய வழி, பதிவை வேகமாக ஓட்டுவது. பழைய டேப் ரெக்கார்டரில் கேசட்டை வேகமாக ஓட்டினால் ஆண் குரல் கீச்சுக்குரல் ஆகுமே, அதே சங்கதி. 100 எண் கொண்ட ஒரு நொடியை ஆடாசிட்டியிடம் கொடுத்து, 'இது நொடிக்கு 44,100 எண் கொண்ட பதிவு' என்று சொன்னால் அது 441 மடங்கு வேகத்தில் ஓடும். 1 ஹெர்ட்ஸில் இருந்த ஆட்டம் 441 ஹெர்ட்ஸ் ஒலியாகிவிடும். மேற்கத்திய வாத்தியங்களைச் சுருதி சேர்க்கப் பயன்படும் 440-க்கு ஒரு ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். எங்கள் பஜனைக்காரரின் ஆர்மோனியத்தில் வாசித்தே காட்டலாம்.

ஆனால் 441 மடங்கு என்றால் காலமும் அதே அளவு சுருங்கும். ஒரு மணி நேரம் எட்டு நொடி சொச்சமாகிவிடும். ஒரு முழு நாள் 3 நிமிடம் 16 நொடி. நாள் முழுவதும் எத்தனை பின்னதிர்வு வந்தது என்று பார்க்க இது அருமையான வேகம். ஒரே ஒரு நிலநடுக்கத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்க இது உதவாது. 30 நொடி இடைவெளியில் வந்த இரண்டு அலைகள் இந்த வேகத்தில் 0.07 நொடி இடைவெளியில் வந்து விழும். காதுக்கு அது ஒரே 'டொக்'.

அதனால்தான், எத்தனை மடங்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்வேன். நீங்கள் என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்ய முடியும். ஒரு நிலநடுக்கத்தின் உள்ளே போக நான் 30 மடங்கு வைப்பேன். ஒரு மணி நேரம் இரண்டு நிமிடமாகும், 5 ஹெர்ட்ஸ் அசைவு 150 ஹெர்ட்ஸ் ஒலியாகும். இரண்டுக்கும் நடுவே, ஒலியின் தன்மையைக் கேட்க 70 முதல் 100 மடங்கு. ஆடாசிட்டியில் இதற்கு விசேஷமாக எதுவும் செய்ய வேண்டாம். டிராக்கின் பெயரை அழுத்தி வரும் பட்டியலில் ரேட் என்று ஒன்று இருக்கும். அசல் 100 என்றால் அங்கே 3,000 என்று எழுதுங்கள், 30 மடங்கு ஆயிற்று. பாட்டுக்குப் பயன்படுத்தும் 'டெம்போ மாற்று' வசதியை மட்டும் தொடாதீர்கள். அது சுருதியை மாற்றாமல் காலத்தை மட்டும் சுருக்கும், அதனால் கேட்காத ஒலி கேட்காததாகவே இருந்துவிடும்.

ஹெட்போன் கட்டாயம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வராது. நிலநடுக்கத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்க நிலநடுக்க அறிஞர் ஹியூகோ பெனியாஃப் 1950களிலேயே பதிவுகளைக் காந்த நாடாவில் வேகப்படுத்திக் கேட்க வைத்தார். 1961-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஷெரிடன் ஸ்பீத் இன்னொரு படி போனார். அணுகுண்டுச் சோதனைகளை ரகசியமாக நடத்துகிறார்களா என்று நாடுகள் ஒன்றையொன்று கண்காணித்த காலம் அது. நிலத்தடி வெடிப்பையும் இயற்கை நிலநடுக்கத்தையும் காதால் மட்டும் பிரிக்க முடியுமா என்று அவர் சோதித்தார். பழகிய காதுகள் பெரும்பாலும் சரியாகவே பிரித்தன. 1965-இல் வேறு இருவர் அதிகமான பதிவுகளை வைத்துச் செய்து பார்த்தபோது அவ்வளவு உயர்ந்த வெற்றி கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காது நல்ல கருவி, ஆனால் அது சொன்னதை அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பதிவை எங்கே எடுப்பது, எங்கே சறுக்கும்

உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் பதிவுகளை அமெரிக்காவின் எர்த்ஸ்கோப் போன்ற தரவு மையங்கள் இலவசமாகத் தருகின்றன. பர்மாவின் தேசிய நிலையங்களுக்கு எம்எம் என்பது குறியீடு. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் சியாங்மாயில் ஒரு பழைய, நல்ல நிலையம் உண்டு. அதன் பெயர் சிஎச்டிஓ, மார்ச் 28 நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 470 கிலோமீட்டர். சேனல் பெயர் மூன்று எழுத்தில் இருக்கும். பிஎச்இசட், எச்எச்இசட் என்பது போல. முதல் எழுத்து எச் என்றால் நொடிக்கு 80 எண்ணோ அதற்கு மேலோ, பி என்றால் 10 முதல் 80-க்குள். கடைசி எழுத்து இசட் என்றால் மேலும் கீழுமான அசைவு. தொடங்குபவர்களுக்கு இசட் போதும். இணையம் மெதுவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரப் பதிவு என்பது 3,60,000 எண்கள்தான். சுருக்காமல் வைத்தால்கூட ஒன்றரை எம்பி வராது. ஒரு பாட்டைவிடச் சின்னது.

இங்கே நான் வாரக்கணக்கில் சறுக்கியதைச் சொல்லிவிடுகிறேன். தரவு மையங்கள் தரும் கோப்பு மினிசீட் என்ற வடிவத்தில் இருக்கும். ஆடாசிட்டியில் 'ரா டேட்டா' என்று எதையும் திறக்கும் வசதி இருக்கிறதே என்று நான் அதை நேராகத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று மழை மாதிரி ஒலி வந்தது. பூமி இப்படித்தான் பேசுகிறது என்று நம்பி இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். மினிசீட் என்பது சுருக்கி மடித்து வைக்கப்பட்ட கோப்பு. பிரிக்காமல் ஓட்டினால் எந்தக் கோப்பும் அந்த 'உஸ்ஸ்' ஒலியைத்தான் தரும். முதலில் பிரிக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் ஓப்ஸ்பை என்ற இலவசத் தொகுப்பு நாலு வரியில் மினிசீட்டைப் படித்து வேவ் கோப்பாக எழுதித் தரும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது நொடிக்கு 7,000 என்று எழுதும், அதாவது 100 எண் பதிவுக்கு 70 மடங்கு. பைத்தான் வேண்டாம் என்றால் எண்களை வெறும் எழுத்துக் கோப்பாக எடுத்து, ஆடாசிட்டியின் 'சாம்பிள் டேட்டா இம்போர்ட்' வழியாக உள்ளே கொண்டுவரலாம். ஆனால் அது -1 முதல் +1 வரை உள்ள எண்களைத்தான் எதிர்பார்க்கும். நிலநடுக்கமானி ஆயிரங்களிலும் லட்சங்களிலும் எண் தரும். எக்செலில் அந்த வரிசையின் மிகப் பெரிய எண்ணால், மைனஸ் குறியைக் கணக்கில் எடுக்காமல், எல்லாவற்றையும் வகுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

அடுத்தது நேரம். எல்லாப் பதிவும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஆறரை மணி முன்னால். அந்த அரை மணியில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். மதியம் 12:50 என்றால் யூடிசியில் காலை 6:20. என்னோடு மைக்செட் தூக்க வரும் தம்பி ஒருநாள், "அண்ணே, நீங்க சொன்ன ஃபைல்ல ஒண்ணுமே இல்லியே, வெறும் கோடுதான் இருக்கு" என்று வந்து நின்றான். அவன் ஆறு மணி நேரத்தை மட்டும் கழித்து, 6:50-லிருந்து இருபது நிமிடம் எடுத்திருந்தான். பெரிய ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

வெறும் கோடாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மானி தரும் எண்கள் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடாமல் எங்கோ மேலேயோ கீழேயோ உட்கார்ந்திருக்கும். ஆடாசிட்டியில் அலை நடுக்கோட்டில் இல்லாமல் தள்ளித் தெரியும், சத்தத்தைக் கூட்டினாலும் கூடாது. 'நார்மலைஸ்' பகுதியில் 'டிசி ஆஃப்செட்டை நீக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டால் அலை நடுவுக்கு வந்துவிடும். சத்தத்தைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான்.

காதுக்கு வரும் நான்கு ஒலிகள்

30 மடங்கில் ஒரு நல்ல பின்னதிர்வை ஓட்டுங்கள். முதலில் காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சின்ன 'டக்'. அது பி அலை. பாறையை முன்னும் பின்னும் அமுக்கிக்கொண்டு வரும், மேலோட்டில் நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகம். சிறிது நேரம் சலசலப்பு. பிறகு கனமான 'தொம்'. அது எஸ் அலை, பாறையைப் பக்கவாட்டில் உதறிக்கொண்டு நொடிக்கு மூன்றரை கிலோமீட்டர் அளவில் வரும். சேதம் செய்வதில் இதற்குத்தான் பெரிய பங்கு.

டக்குக்கும் தொம்முக்கும் நடுவில் உள்ள நேரம் தூரத்தைச் சொல்லிவிடும். இடி மின்னல் கணக்கு மாதிரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, ஒன்று வேகம், ஒன்று மெதுவு. அந்த இடைவெளியை நொடியில் எடுத்து எட்டால் பெருக்கினால் சுமாரான தூரம் கிலோமீட்டரில் வரும். ஆடாசிட்டியில் டக்கின் தொடக்கத்திலிருந்து தொம்மின் தொடக்கம் வரை மவுசால் இழுத்தால் கீழே நேரம் காட்டும். 30 மடங்கில் அது ஒரு நொடி என்றால் அசலில் 30 நொடி, தூரம் சுமார் 240 கிலோமீட்டர். மாண்டலேக்கும் நேப்பிடோவுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் தடவை இது சரியாக வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. பாட்டு வெட்டும் மென்பொருளில், என் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி, எந்த ஊருக்குப் பக்கத்தில் பாறை உடைந்தது என்று நெருங்கிவிட்டேன். ஒரு நிலையம் தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று நிலையங்களின் தூரத்தை வரைபடத்தில் மூன்று வட்டமாகப் போட்டால் அவை சந்திக்கும் இடம் மையம். சில நூறு கிலோமீட்டருக்குள் இந்த எட்டு நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் அலைகள் ஆழமான, வேகமான பாறை வழியாக வருவதால் தூரம் குறைவாகக் காட்டும்.

மூன்றாவது, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி உருண்டு வரும் அலைகள். தூரத்து நிலநடுக்கம் என்றால் இதுதான் நீளமான உறுமல். 30 மடங்கில் பாதி காதுக்கு எட்டாது, அதனால் இதற்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

நான்காவது ஒலி எல்லாப் பதிவிலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நிலநடுக்கமே இல்லாத நாளில்கூட. அது கடல். அலைகள் கடலடியைத் தட்டிக்கொண்டே இருப்பதால் நிலம் ஐந்து பத்து நொடிக்கு ஒருமுறை மிக லேசாக ஏறி இறங்குகிறது. 441 மடங்கில் அது 'ம்ம்ம்' என்று டிரான்ஸ்ஃபார்மர் ஓசை மாதிரி வரும். வங்காள விரிகுடாவில் புயல் இருக்கும்போது அந்த 'ம்ம்ம்' பெரிதாகும். சிறிய பின்னதிர்வுகளைத் தேடும்போது இது தொந்தரவு. 'ஹை பாஸ் ஃபில்டர்' போட்டு வெட்டிவிடலாம். 441 மடங்கில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் கடல் போய்விடும்.

பெரியதைப் பெரியது என்று எப்படி அறிவது

சத்தத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நார்மலைஸ் செய்த பிறகு எல்லா நிலநடுக்கமும் ஒரே சத்தம்தான். ரிக்டர் பாணி அளவில் ஓர் எண் கூடினால் அசைவு பத்து மடங்கு. மார்ச் 28-இன் 7.7-க்கும் ஒரு சின்னப் பின்னதிர்வின் 3.7-க்கும் நடுவில் கணக்குப்படி பத்தாயிரம் மடங்கு. அதனால் முதன்மை அதிர்வும் பின்னதிர்வும் ஒரே கோப்பில் இருந்தால் பெரியது மட்டும்தான் தெரியும். பெரியதை வெட்டி வேறு டிராக்கில் வைத்துவிட்டு மீதியைத் தனியாகக் கூட்டிக் கேளுங்கள்.

நீளத்தைக் கேளுங்கள், ஆழத்தைக் கேளுங்கள். 4 அளவுள்ள ஒரு பின்னதிர்வில் உடையும் பிளவு சுமார் ஒரு கிலோமீட்டர், ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மார்ச் 28-இல் சகாயிங் பிளவு 450 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பிளவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கண்காணிப்பு கேமராவில் நிலம் நகர்ந்தது அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த இடத்தில் நிலம் இரண்டரை மீட்டர் நகர 1.3 நொடிதான் ஆனது என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கிழிசல் துணி கிழிவது போல, பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கே, ஓடிக்கொண்டே வந்தது. தெற்கே வரும்போது எஸ் அலையின் வேகத்தையும் மிஞ்சி ஓடியது. அப்படி ஓடியும் முழுவதும் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. 30 மடங்கில் அதுவே இரண்டு மூன்று நொடி இழுக்கும். சின்னப் பின்னதிர்வு 'டக்-தொம்' என்று முடியும் இடத்தில் இது சட்டென்று நிற்காமல் தகரக் கூரை மேல் கருங்கல் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீளத்தைக் கேட்டபோது மாண்டலே, சகாயிங், நேப்பிடோ, பியின்மனா என்று பெயர் பெயராக மனதில் ஓடியது. அரசுக் கணக்கிலேயே 3,700-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பதிவை வேடிக்கையாக யாருக்கும் போட்டுக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

மிகப் பக்கத்தில் இருந்த நிலையங்களின் பதிவில் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருக்கலாம். மைக்செட்காரர்களுக்கு இது தெரிந்த நோய்தான். ஒலிபெருக்கி தாங்காமல் 'கர்ர்' என்று வருமே, அது. மானியும் தன் எல்லையைத் தாண்டினால் அப்படித்தான். அந்தக் கர்ர் பூமியின் ஒலி இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டுத் தூரத்து நிலையத்துக்குப் போங்கள். 'நாய்ஸ் ரிடக்ஷன்' வசதியையும் தொட வேண்டாம் என்பேன். பாட்டில் அது உதவும். இங்கே அது தண்ணீருக்குள் பேசுவது போன்ற போலி ஒலிகளை உண்டாக்கி, அதையே அதிர்வு என்று நம்ப வைத்துவிடும்.

கண்ணும் சேர்ந்து பார்க்கட்டும்

டிராக்கின் அதே பட்டியலில் 'ஸ்பெக்ட்ரோகிராம்' என்று இருக்கும். அழுத்தினால் அலைக்குப் பதில் வண்ணப் படம் வரும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, பளிச்சென்று இருந்தால் சத்தம் அதிகம். பக்கத்து அதிர்வு உச்சி வரை எழும்பும் தூண் மாதிரி தெரியும். தூரத்தது அடியில் மட்டும் பரவிக் கிடக்கும். உறுமிக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் இந்தப் படத்தில் தெரியும். கணினி அட்டையோடு சேர்ந்த ராஸ்பெரி ஷேக் என்ற சின்ன நிலநடுக்கமானியை வீட்டில் வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதுவும் நொடிக்கு 100 எண்தான். இந்த மாதிரி மானியை ரங்கூன் தெருவில் வைத்தால் கரண்ட் போகிற நேரமெல்லாம் படத்தில் ஒரு நேர்க்கோடு தொடங்கும். பெரிய டீசல் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும், நொடிக்கு 25. ஆகவே 25 ஹெர்ட்ஸில், கரண்ட் திரும்பும் வரை, அடிக்கோல் வைத்து வரைந்தது போல ஒரு கோடு. 441 மடங்கில் அது 11,025 ஹெர்ட்ஸ் விசில். நிலநடுக்கம் ஒருபோதும் அப்படி ஒரே சுருதியில் நிற்காது. நேரான, மெல்லிய, அசையாத கோட்டைக் கண்டால் அது மனிதன் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு 'இன்ன தேதி, இன்ன மணிக்கு மறுபடி வரும்' என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றின. வயதானவர்கள் வாசலில் பாய் போட்டுப் படுத்தார்கள். இந்தப் பதிவுகளைக் கேட்பதால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இது நடந்ததைப் படிக்கும் வழி. யாராவது ஓர் ஒலியைப் போட்டுக்காட்டி, 'இதோ அறிகுறி' என்றால் நம்பாதீர்கள்.

பின்னதிர்வுகள் மொத்தமாக எப்படிக் குறையும் என்பது மட்டும் தெரியும். ஜப்பானிய நிலநடுக்க அறிஞர் ஓமோரி 1894-இலேயே கண்டது: நாள் ஆக ஆக அவற்றின் எண்ணிக்கை, முதலில் சடசடவென்றும் பிறகு மெதுமெதுவாகவும், குறைந்துகொண்டே போகும். எண்ணெயில் போட்ட கடுகு பொரிந்து ஓய்வதைக் கேட்டிருப்பீர்கள். படபடவென்று வெடிக்கும், பிறகு ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கடைசியாக ஒன்று தெறிக்கும். ஒரு வித்தியாசம், அந்தக் கடைசிக் கடுகு சில சமயம் பெரிதாகவும் இருக்கும்.

அதனால் முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். சியாங்மாய் நிலையத்தின் இசட் சேனலில் மார்ச் 28, யூடிசி 6:00-லிருந்து 24 மணி நேரம் எடுங்கள். முதன்மை அதிர்வையும், அதற்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்த பெரிய பின்னதிர்வையும் சேர்த்து, 7:00 வரை வெட்டித் தனியே வையுங்கள். மீதியில் டிசி ஆஃப்செட்டை நீக்கி, 441 மடங்காக்கி, கடலை ஃபில்டரில் வெட்டி, சத்தத்தைக் கூட்டுங்கள். அசல் பதிவு நொடிக்கு 20 அல்லது 40 எண்ணாக இருந்தால் டிராக்கின் ரேட்டை அதன்படி 8,820 அல்லது 17,640 என்று வைக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று நிமிடச் சொச்சம் கேளுங்கள். எத்தனை கடுகு வெடித்தது என்று விரலில் எண்ணுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் எத்தனை, கடைசி ஒரு நிமிடத்தில் எத்தனை என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து, காது தவறவிட்டதைக் கண்ணால் எண்ணுங்கள்.